தையல் பிரித்த பிறகு: முழுத் தைராய்டு நீக்கமும் உடல் தேறும் காலமும்

1. எல்லையும் சொல்லும்

தமிழில் ஒருவர் "எனக்குத் தைராய்டு இருக்கு" என்றால் தைராய்டு நோய் இருக்கிறது என்று பொருள். சுரப்பி எல்லோருக்கும்தான் இருக்கிறது. பேச்சு வழக்கில் அந்தப் பெயர் நோய்க்குப் போய்விட்டது. ஆபரேஷன் செய்து சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டவரும் பத்து வருடம் கழித்து வேறொரு டாக்டரிடம் போய் "தைராய்டு இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன்" என்றே சொல்கிறார். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இதில் ஆபத்தும் உண்டு. சுரப்பி மந்தமாக வேலை செய்பவர் ஒரு மாதம் மாத்திரையை விட்டுவிட்டால், மிச்சமிருக்கும் சுரப்பு ஓரளவு தாங்கிக்கொள்ளும். சுரப்பியே இல்லாதவருக்குத் தாங்க ஒன்றும் இல்லை.

இக்கட்டுரை முழுத் தைராய்டு நீக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்க மடலை மட்டும் எடுப்பது வேறு வகை. அதில் மறு மடல் பெரும்பாலும் வேலையைப் பார்த்துக்கொள்ளும், கால்சியச் சிக்கலும் அரிது. முழுதாக எடுப்பதற்குக் காரணங்கள் பொதுவாக மூன்று: மூச்சுக் குழாயை நெருக்கும் பெரிய கழலை, மருந்துக்கு அடங்காத கிரேவ்ஸ் நோய் (சுரப்பி மிகையாகச் சுரக்கும் நோய்), புற்றுநோய். காரணம் எதுவானாலும் தேறும் காலத்தின் முதல் பகுதி ஏறத்தாழ ஒன்றே. புற்றுநோய்க்கு மட்டும் பின்னால் ஒரு கட்டம் கூடும். அதைக் கடைசிப் பிரிவில் காணலாம்.

வீட்டார் தேறும் காலத்தைத் தையலை வைத்துக் கணக்கிடுகிறார்கள். "தையல் பிரிச்சாச்சா?" என்பதுதான் பார்க்க வருகிறவர்களின் முதல் கேள்வி. உண்மையில் கழுத்தில் முதலில் ஆறுவது தோல்தான். இரத்தக் கசிவின் ஆபத்து மணிக்கணக்கில் தீர்கிறது. கால்சியம் நாள்கணக்கில் இறங்கி ஏறுகிறது. ஹார்மோன் வாரக்கணக்கில் வடிகிறது. நரம்பு மாதக்கணக்கில் மீள்கிறது. இந்த நான்கும் ஒரே காலண்டரில் ஓடுவதில்லை. ஒன்றின் தேதியில் இன்னொன்றை எதிர்பார்ப்பதால்தான் வீண் பயமும் வருகிறது, ஆபத்தான அலட்சியமும் வருகிறது.

2. பெர்ன் நகரத்துப் பாடம்

ஆபரேஷனுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்ற கேள்வியை முதலில் சரியாகக் கேட்டவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோகர். ஆல்ப்ஸ் மலைப் பகுதியின் மண்ணில் அயோடின் குறைவு. கழலை அங்கே ஊர் வழக்கம் போல இருந்தது. கோகர் தம் வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தைராய்டு அறுவைகள் செய்தார். தொடக்கத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் பலிகொண்ட இந்த அறுவை, அவருடைய கடைசிக் காலத்தில் நூற்றுக்கு அரைக்கும் கீழே வந்திருந்தது. 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கழுத்தின் குறுக்கே மடிப்போடு மடிப்பாகப் போடும் வெட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஆனால் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு அறுவை மேசையில் நிகழவில்லை. 1874-இல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் தைராய்டை அவர் முழுதாக எடுத்தார். காயம் நன்றாக ஆறியது. அவளை அனுப்பிவைத்த ஊர் மருத்துவர் பிறகொரு நாள், அந்தப் பெண் ஆளே மாறிப்போய்விட்டாள் என்று தகவல் சொன்னார். ஜெனிவாவிலிருந்து ரெவெர்தன் என்ற அறுவை மருத்துவரும் 1882-இல் இதே போன்ற செய்தியைச் சொன்னார். கோகர் தம் பழைய நோயாளிகளைத் திரும்ப வரச்சொல்லி ஆள் ஆளாகப் பார்த்தார். முழுதாக எடுக்கப்பட்டவர்களில் வந்து சேர்ந்த 18 பேரில் 16 பேர் முகம் உப்பி, பேச்சு தடித்து, குளிரில் நடுங்கி, நினைவு மங்கிக் கிடந்தார்கள். அந்தச் சிறுமிக்கு ஒரு தங்கை. ஆபரேஷனுக்கு முன் இருவரையும் மாற்றிக் கூப்பிடும் அளவுக்கு ஒரே சாயல். ஒன்பது வருடத்தில் தங்கை அழகான இளம்பெண்ணாக வளர்ந்திருந்தாள். அக்கா சிறுபிள்ளையின் உயரத்திலேயே நின்றுபோயிருந்தாள். 1883-இல் பெர்லினில் கூடிய ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் கோகர் இதையெல்லாம் வெளிப்படையாகச் சொன்னார். தம் கையால் நேர்ந்ததைத் தாமே எழுந்து நின்று சொல்ல மருத்துவத்தில் இன்றும் எல்லோருக்கும் மனம் வருவதில்லை.

அதே காலத்தில் வியன்னாவில் அறுவை மருத்துவர் பில்ரோத்தின் நோயாளிகளுக்கு வேறு தொல்லை. அவர்களுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. இரண்டு பேரும் தேர்ந்தவர்கள். ஒருவர் நோயாளிக்கு மந்தம், மற்றவர் நோயாளிக்கு வலிப்பு, ஏன்? அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் பின்னாளில் ஒரு விளக்கம் சொன்னார். கோகர் நிதானமாக, இரத்தம் சிந்தாமல், சுரப்பியின் உறையை ஒட்டியே வெட்டுபவர். தைராய்டு துளியும் மிஞ்சாது, பின்னால் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். பில்ரோத் வேகக்காரர்; தைராய்டில் கொஞ்சம் மிஞ்சும், பின்னால் இருப்பவை அடிபடும். பின்னால் இருப்பவை என்றால் பாராதைராய்டுகள். இன்றைக்கும் ஒரு நோயாளியின் தேறும் காலம் எப்படிப் போகும் என்பதை, எடுத்த சுரப்பியை விட அதன் அக்கம்பக்கத்தார்தான் அதிகம் தீர்மானிக்கிறார்கள்.

3. முதல் நாள்

மயக்கம் தெளியும்போது நோயாளி சொல்லும் முதல் புகார் பெரும்பாலும் காயத்தைப் பற்றி இருக்காது. "பிடரி வலிக்குது" என்பார். ஆபரேஷனின்போது தோளுக்கடியில் முட்டுக் கொடுத்துத் தலையைப் பின்னால் சாய்த்து இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருப்பதால் வருவது அது. அடுத்த புகார் தொண்டை வலி. மூச்சுக்குழாயில் செருகிய குழாய் உராய்ந்ததன் விளைவு. இரண்டும் சாதாரண வலி மாத்திரைக்கு அடங்கி, இரண்டு மூன்று நாளில் போய்விடும். அன்றைக்கே தண்ணீர், பிறகு கஞ்சி, மறுநாள் இட்லி, குழைய வடித்த ரசம் சாதம் என்று போகலாம்.

கவனம் வேறிடத்தில் இருக்க வேண்டும். ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு முதல் நாளில் கழுத்துக்குள் இரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். பெரும்பாலானவை முதல் ஆறு மணி நேரத்தில், மற்றவற்றில் மிகுதி இருபத்துநான்கு மணி நேரத்துக்குள். கட்டிய இரத்தம் மூச்சுக்குழாயைச் சப்பையாக நசுக்கிவிடும் என்றே பலரும் நினைக்கிறோம். குழாய் குருத்தெலும்பு வளையங்களால் ஆனது. அவ்வளவு எளிதில் நசுங்காது. தேங்கிய இரத்தம் சிரைகளையும் நிணநீர்ப் பாதைகளையும் அடைப்பதால் குரல்வளையின் உட்சவ்வு வீங்கி, உள்ளிருந்தே வழி குறுகுகிறது. வீங்கிய குரல்வளைக்குள் திரும்பக் குழாய் செருகுவது அனுபவசாலிக்கும் கடினம். ஆபரேஷன் தியேட்டர் தயாராகட்டும் என்று காத்திராமல், மூச்சு திணறினால் கட்டிலிலேயே தையலை வெட்டிக் காயத்தைத் திறந்துவிட வேண்டும் என்று பிரிட்டிஷ் அறுவை, மயக்கவியல் மருத்துவர் அமைப்புகள் வழிகாட்டுதல் வெளியிட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். அதற்கான கருவிப் பெட்டி கட்டிலருகிலேயே இருக்க வேண்டும், வார்டு செவிலியர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்பது அதன் சாரம்.

துணைக்கு இருப்பவர்கள் வழக்கமாகக் காயத்தின் கசிவை வெளியேற்றும் டியூபின் முனையில் தொங்கும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு வந்திருக்கிறது, நிறம் மாறியதா என்று கணக்கு. டியூப் உறைந்த இரத்தத்தால் அடைபட்டு, பாட்டில் சுத்தமாக இருக்கும்போதே கழுத்து வீங்கக்கூடும். இப்போது பல மருத்துவர்கள் டியூபே வைப்பதில்லை. பார்க்க வேண்டியது கழுத்தை. அதை விட ஆளை. படுக்க முடியாமல் எழுந்து எழுந்து உட்காருவது, கட்டு இறுக்குகிறது என்று பிய்த்தெடுக்கப் பார்ப்பது, காரணம் தெரியாத தவிப்பு: இவை தெரிந்தால் நர்ஸைக் கூப்பிட ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம்.

4. மூன்றாம் நாள்

4.1 காண்டாமிருகத்தின் கழுத்தில்

லண்டன் விலங்குக் காட்சி சாலையில் 1849-இல் ஓர் இந்தியக் காண்டாமிருகம் செத்துப்போனது. அதை அறுத்துப் பார்த்த உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன், தைராய்டோடு ஒட்டியிருந்த மஞ்சள் நிறச் சிறு உருண்டை ஒன்றைக் குறித்துவைத்தார். மனித உடலில் அதை 1880-இல் முறையாக விவரித்தவர் சுவீடனின் உப்சாலாவில் படித்துக்கொண்டிருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற மாணவர். அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பாராதைராய்டுகள் எனப்படும் இவை பெரும்பாலோருக்கு நான்கு. ஒவ்வொன்றும் பருப்பு அளவு, முப்பது நாற்பது மில்லிகிராம் எடை. இரத்தத்தில் கால்சியத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் இவற்றின் ஒரே தொழில்.

அறுவை மருத்துவர் நான்கையும் கண்ணால் பார்த்து, தொடாமல் விட்டிருந்தாலும் பிரச்சினை தீர்வதில்லை. இவற்றுக்கு இரத்தம் வருவது தைராய்டுக்குப் போகும் தமனியின் நூலிழைக் கிளைகளில். அந்த இழை கசங்கினாலே சுரப்பி சில நாள், சில வாரம் மயங்கிக் கிடக்கும். முழு நீக்கம் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ நான்கைந்து பேரில் ஒருவருக்குத் தற்காலிகமாகக் கால்சியம் இறங்குகிறது. தேர்ந்த கைகளில் நிரந்தரமாக அப்படியே நின்றுவிடுவது நூற்றுக்கு ஓரிருவருக்கு. முன்பே வைட்டமின் டி குறைந்திருப்பவர்களுக்கும், கிரேவ்ஸ் நோய் முற்றி எலும்பு கரைந்திருந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். இரண்டாவது வகையில் ஆபரேஷன் முடிந்ததும் எலும்பு தான் இழந்ததையெல்லாம் இரத்தத்திலிருந்து உறிஞ்சத் தொடங்கும். "பசித்த எலும்பு" என்று மருத்துவர்கள் அதற்கு வைத்த பெயர் பொருத்தமானது.

4.2 காலத்தின் கோணல்

பாராதைராய்டு ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். சுரப்பு நின்றால் அன்றைக்கே அது இல்லாமல் போகும். கால்சியம் மட்டும் மெல்ல இறங்கி, இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் அடிமட்டத்தைத் தொடும். இயல்பான அளவு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம். மருத்துவமனையில் தங்கும் காலமோ வரவரச் சுருங்கிவிட்டது. இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆக, கால்சியம் மிகக் கீழே போகும் நேரத்தில் நோயாளி வார்டில் இருப்பதில்லை, சொந்த வீட்டுக் கட்டிலில் இருக்கிறார். பல மருத்துவமனைகள் அன்றே ஹார்மோனின் அளவைப் பார்த்து முன்கூட்டியே மாத்திரை கொடுத்து அனுப்புவது இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

அந்த இரவு எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். சாப்பிட்டுப் படுத்த அம்மா எழுந்து உட்கார்ந்து உதட்டைத் தடவிப் பார்க்கிறார். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி. விரல் நுனிகள் மதமதக்கின்றன. "என்னமோ மாதிரி இருக்குடி" என்கிறார். "சுகர் இறங்கியிருக்கும்மா" என்று மகள் சர்க்கரைத் தண்ணீர் கரைக்கிறாள். அப்பா, வாயுவாக இருக்கும், பெருங்காயம் போட்டு மோர் கொடு என்கிறார். பயத்தில் அம்மாவுக்கு மூச்சு வேகமெடுக்கிறது. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. வேகமாக மூச்சு விட விட இரத்தத்தின் காரத்தன்மை கூடும், கூடும்போது இரத்தத்தில் பயன்படக்கூடிய கால்சியம் இன்னும் குறையும், மதமதப்பு ஏறும், அதைக் கண்டு பயமும் ஏறும். கால்சியம் சரியாக இருப்பவருக்கே பதற்ற மூச்சால் விரல் மரத்துப்போகலாம் என்பதால், இது பயமா குறைவா என்று வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

மதமதப்போடு நின்றால் எழுதிக் கொடுத்தபடி கூடுதல் கால்சியம் மாத்திரை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போன் செய்யலாம். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற விரல்கள் விறைத்துக் குவிந்தால் வீட்டில் இருக்கும் நேரம் முடிந்துவிட்டது. மேற்கையை இறுக்கினால் கை இப்படிக் குவிவதை 1861-இல் பாரிஸில் மருத்துவர் ட்ரூசோ குறித்தார்; இப்போது இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கி மூன்று நிமிடம் வைத்துப் பார்க்கிறார்கள். காதுக்கு முன்னால் கன்னத்தைத் தட்டினால் உதடு துடிப்பதை 1876-இல் வியன்னாவில் ஷ்வோஸ்டெக் குறித்தார். இரண்டும் இன்றும் வார்டில் பார்க்கப்படுகின்றன. மருத்துவமனையில் கால்சியம் குளுக்கோனேட்டைச் சிரை வழியாக, இதயத் துடிப்பைக் கவனித்தபடி மெதுவாக ஏற்றுவார்கள். ஏற ஏற விரல்கள் விரிவதைக் கண்ணெதிரே காணலாம்.

4.3 மாத்திரையைக் குறைப்பது

கால்சியம் கார்பனேட் என்பது வேறொன்றும் இல்லை, கிளிஞ்சல் ஓடு. கடையில் விற்கும் சில மாத்திரைகள் சிப்பி ஓட்டிலிருந்தே செய்யப்படுபவை. அதையே சுட்டு நீற்றினால் வெற்றிலைச் சுண்ணாம்பு; அது காரம், வாயை வேகவைக்கும், மருந்துக்கு மாற்றாகாது. கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும் என்பதால் சாப்பாட்டோடு எடுப்பது நல்லது. குடல் அதை உறிஞ்சிக்கொள்ளச் செயல்படும் வைட்டமின் டி வேண்டும்; அதற்காகவே கால்சிட்ரியால் கூடச் சேர்க்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்று ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. இரத்தம் பார்த்துப் பார்த்துப் படிப்படியாக இறக்க வேண்டும். யாரும் சொல்லாமலே வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டே இருப்பதும் தவறு. மலச்சிக்கலும் சிறுநீரகக் கல்லும் அப்படித்தான் வருகின்றன. ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் தேவைப்பட்டால் குறைபாடு நிரந்தரமாகிவிட்டது என்று கொள்வது மருத்துவ வழக்கு.

5. குரல்

5.1 நரம்பு

குரல் நாண்களை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்கு வராது. மார்புக்குள் இறங்கி, இடப்பக்கம் பெருந்தமனி வளைவைச் சுற்றி, வலப்பக்கம் கைக்குப் போகும் தமனியைச் சுற்றி, மறுபடி மேலேறித் தைராய்டின் முதுகை உரசிக்கொண்டு போகும். குரலுக்கு இந்த நரம்பு வேண்டும் என்று முதலில் காட்டியவர் பழங்கால மருத்துவர் கேலன். ரோமில் கட்டிப்போட்ட பன்றி கத்திக்கொண்டிருக்கும்போது நரம்பை அறுத்தார். பன்றி துடித்தது, சத்தம் வரவில்லை.

ஒரு பக்க நரம்பு கசங்கினால் குரலில் காற்றுக் கலந்து வரும். ஒரு வாக்கியத்துக்குள் மூச்சு தீரும். தண்ணீர் குடித்தால் புரையேறும். தண்ணீரை விடக் கெட்டியான கஞ்சி எளிதாக இறங்கும். தலையைச் சற்றுக் குனிந்து விழுங்கினால் புரையேறுவது குறையும். நரம்பு அறுபடாமல் கசங்கியோ இழுபட்டோ இருந்தால் சில வாரத்தில், சில சமயம் ஆறு மாதத்தில் மீளும். நிரந்தரமாக நின்றுபோவது தேர்ந்த இடங்களில் நூற்றுக்கு ஓரிருவர். இரு பக்கமும் செயலிழப்பது மிக அரிது; அது குரல் பிரச்சினை அன்று, மூச்சுப் பிரச்சினை.

காத்திருக்கும் காலத்தில் குரலுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று கிசுகிசுவென்று பேசுகிறவர்கள் உண்டு. வலிந்த கிசுகிசுப்பு குரல்வளையை இன்னும் இறுக்கும். மெல்லிய சாதாரணக் குரலே மேல். பேச்சுப் பயிற்சியாளரிடம் போவதற்கு ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. நிரந்தர அறுவைக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

5.2 எட்டாத சுருதி

இன்னொரு நரம்பு இருக்கிறது, நூல் போல மெல்லியது. அது குரல் நாணை இழுத்து இறுக்கும் தசைக்குப் போகிறது. அது பழுதானால் சாதாரணப் பேச்சில் வித்தியாசம் தெரியாது. மாடியிலிருந்து தெருவில் போகும் கீரைக்காரியைக் கூப்பிடும்போது தெரியும். பின்வரிசைப் பையனை ஆசிரியர் அதட்டும்போது தெரியும். மேல் ஸ்தாயிக்குப் போகும் பாடகிக்கு முதல் சாதகத்திலேயே தெரியும். இத்தாலியப் பாடகி அமெலிதா கல்லி-குர்ச்சிக்கு 1935-இல் சிகாகோவில், விழித்திருக்கும் நிலையிலேயே பெரிய கழலையை எடுத்தார்கள். அந்த ஆபரேஷனில் இந்த நரம்பு போனதால்தான் அவர் குரல் அழிந்தது என்று அறுவை வகுப்புகளில் பல தலைமுறைகள் சொல்லி வந்தார்கள். பிற்காலத்தில் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள், அவர் குரல் அதற்கு முன்பே தளர்ந்துகொண்டிருந்தது என்று காட்டினார்கள். கதை உண்மையோ இல்லையோ, அறுவை மருத்துவர்கள் அந்த நரம்பைத் தேடிக் காக்கத் தொடங்கியதற்கு அது உதவியது.

நரம்புகள் இரண்டும் நலமாக இருந்தும் சாயங்காலமானால் குரல் களைத்துப்போவது பலருக்கும் நேர்கிறது. தொண்டை முன்தசைகள் ஒட்டிக்கொண்டு ஆறுவதால் வருவது. மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் சரியாகும். தொண்டையில் ஏதோ அடைத்த உணர்வும் அப்படியே. ஆனால் முதல் மாதம் நன்றாக இருந்த குரல் இரண்டாம் மாதம் தடித்துக் கரகரத்தால் நரம்பைச் சந்தேகிப்பதற்கு முன் மாத்திரையின் அளவைச் சந்தேகிக்க வேண்டும். ஹார்மோன் குறைந்தாலும் குரல் தடிக்கும்.

6. மாத்திரை

6.1 ஏமாற்றும் முதல் மாதம்

தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். சுரப்பியை எடுத்த அன்று உடம்பில் இருந்த கையிருப்பு இரண்டு மூன்று வாரம் ஓட்டும். மாத்திரையே போடாதவருக்குக்கூட முதல் வாரம் ஒன்றும் தெரியாது. "ஆபரேஷன் ஆயிடுச்சு, இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களை ஏமாற்றுவது இந்தக் கையிருப்புதான். கோகருக்கு உண்மை தெரிய ஆண்டுகள் ஆனதற்கும் இதுவே ஒரு காரணம்: தையல் பிரித்து வீட்டுக்குப் போன நாளில் எல்லோரும் நலமாக இருந்தார்கள்.

மாற்று மருந்து வந்தது 1891-இல். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரி, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். சுரப்பு வற்றிப்போயிருந்த அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்குள் 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி அவருக்குச் செலவானது. 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் கெண்டல் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். இன்று நூறு மாத்திரை கொண்ட சின்ன பாட்டிலில் வருவது அதன் செயற்கை வடிவமான லெவோதைராக்சின்.

6.2 அளவு

முழுதாக எடுத்தவருக்குத் தொடக்க அளவு ஏறத்தாழ உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். அறுபது கிலோ இருப்பவருக்கு 100 மைக்ரோகிராமுக்கு அருகில் வரும். முதியவருக்கும் இதய நோயாளிக்கும் குறைவாகத் தொடங்கி ஏற்றுவார்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்ட பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்) பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பத்தாம் நாளே லேபுக்கு ஓடி, எண் சரியில்லை என்று கலங்குவதில் பயனில்லை. கையிருப்பு வடிந்து, புதியது நிலைகொண்டு, பிட்யூட்டரி அதை உணர்ந்து முடிய அவ்வளவு காலம் ஆகும். இதே காரணத்தால் ஒரு நாள் மாத்திரை மறந்துவிட்டது என்று பதறவும் வேண்டாம். எடை ஏறிவிடும் என்ற பயத்துக்கும் பதில் இங்கேதான்: அளவு சரியாக இருந்தால் பெரிதாக ஏறாது. கிரேவ்ஸ் நோயில் உருகிப்போயிருந்தவர் பழைய எடைக்குத் திரும்புவதை ஏற்றம் என்று கணக்கிடக் கூடாது. கருவுற்ற பெண்ணுக்குத் தேவை கால்பங்கு அல்லது அதற்கு மேலும் கூடும். கரு உறுதியானவுடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், மூன்றாம் மாதச் செக்கப் வரை தள்ளக் கூடாது.

6.3 காப்பியும் கால்சியமும்

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். இது எழுத எளிது. விடிந்ததும் டபராவில் காப்பி ஆறிக்கொண்டிருக்கும் வீட்டில் நாற்பத்தைந்து நிமிடம் என்பது ஒரு யுகம். காப்பி மாத்திரையின் உறிஞ்சலைக் குறைக்கும் என்பது உண்மை. ஐந்தரைக்குக் கண் விழித்ததும் தலைமாட்டிலேயே வைத்திருக்கும் மாத்திரையை முடித்துவிட்டுப் பல் தேய்க்க, வாசல் தெளிக்க, கோலம் போடப் போனால் நேரம் தானாக ஓடும். முடியாதவர்கள் இரவில் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். எந்த நேரமானாலும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம்.

முதல் மாதத்தில் நிகழும் பெருந்தவறு வேறு. காலை மாத்திரைகள் என்று எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்து விழுங்குகிறார்கள். கால்சியமும் இரும்புச் சத்தும் குடலில் தைராக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலை ஆறுக்குத் தைராக்சின் என்றால் பத்துக்கு முன் கால்சியம் கூடாது. மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்வது நல்லது. பாட்டிலை அடுப்பு மேல் அலமாரியில் வைக்காதிருப்பதும் இந்தக் கணக்கில் சேரும். வெப்பமும் ஈரமும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும்.

6.4 பத்தியம்

"என்ன பத்தியம்?" என்று கேட்காத நோயாளி இல்லை. முட்டைகோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி கூடாது என்ற பட்டியல் ஊரெங்கும் சுற்றுகிறது. இந்தக் காய்களில் உள்ள பொருள், சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது என்பதே அதன் அடிப்படை. தடுக்கப்படுவதற்குச் சுரப்பி வேண்டுமே. முழுதாக எடுத்தவருக்கு அந்தப் பட்டியலில் பொருள் இல்லை. பொரியல் செய்து சாப்பிடலாம். சோயாவை மட்டும் மாத்திரை நேரத்திலிருந்து தள்ளி வைக்கலாம், அது உறிஞ்சலைக் கெடுக்கும் என்பதால்.

7. தழும்பு

வெட்டு நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர், மார்பெலும்பின் குழிக்கு இரண்டு விரல் மேலே. தையல் போட்டிருந்தால் ஒரு வாரத்துக்குள் பிரிப்பார்கள். காயத்துக்கு மேலே தோல் மரத்திருக்கும், கீழே வரம்பு போலத் தடித்திருக்கும். இரண்டும் மாதங்களில் தணியும். தழும்பு முதிர ஆறு மாதம் முதல் ஒரு வருடம்.

தையல் பிரிந்துவிடும் என்று பயந்து கழுத்தை மரக்கட்டை போல வைத்திருப்பது பரவலான தவறு. முதல் ஓரிரு நாளிலேயே மெதுவாக இடமும் வலமும் திருப்பலாம். எழும்போது பிடரியில் கை கொடுத்து எழுந்தால் வலி குறையும். ஸ்கூட்டர் ஓட்டுவதற்குத் தடை காயம் அல்ல. வலியில்லாமல் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் இரண்டு மூன்று வாரம் வேண்டாம்.

தாலியைப் பற்றி மருத்துவ நூல்களில் இருக்காது. ஆபரேஷனுக்கு முன் கழற்றச் சொன்னால் பல பெண்களுக்கு மனம் ஒப்பாது. கையில் மஞ்சள் கயிறாகக் கட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போகிறவர்கள் உண்டு. திரும்பி வந்ததும் ஐந்து, ஏழு சவரன் சங்கிலி பிடரியில் தொங்கிக் காயத்தின் ஓரத்தை நாள் முழுதும் உரசுகிறது. மூன்று நான்கு வாரம் மெல்லிய கயிற்றுக்கு மாறுவது நல்லது. மாமியார்களிடம் இதை டாக்டரே சொல்லிவிட்டால் வீட்டில் பேச்சு குறையும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தோல் முண்டு முண்டாகத் தடித்தவர்கள் அதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கழுத்திலும் அப்படித் தடிக்கலாம். சிலிக்கோன் பூச்சைச் சீக்கிரமே தொடங்கலாம். கழுத்தில் தழும்பே வேண்டாம் என்பவர்களுக்காகக் கீழுதட்டின் உட்புறம் வழியாக எடுக்கும் முறையைத் தாய்லாந்தின் அறுவை மருத்துவர் அனுவோங் பிரபலமாக்கினார்; எல்லாக் கழலைக்கும் அது பொருந்தாது.

8. புற்றுநோய்க்காக எடுத்தவர்கள்

இவர்களில் சிலருக்கு, எல்லோருக்கும் அல்ல, கதிரியக்க அயோடின் தேவைப்படும். எஞ்சிய தைராய்டுச் செல்கள் அயோடினுக்குப் பசித்திருந்தால்தான் மருந்தை விழுங்கும். பசி உண்டாக்க இரண்டு வழி. ஒன்று, ஓரிரு வாரம் அயோடின் குறைந்த உணவு: கடல் மீன், முட்டை மஞ்சள் கரு, பால், தயிர் எல்லாம் தள்ளி வைக்க வேண்டும். மேலே தேவையில்லை என்று சொன்ன காய்ப் பட்டியல் வேறு; இந்தப் பத்தியம் இங்கே, இந்தச் சில நாளுக்கு மட்டும், உண்மையிலேயே தேவை. உப்புதான் தொல்லை. இந்தியாவில் 2006 முதல் நேரடியாக உண்ணும் உப்பை அயோடின் சேர்க்காமல் விற்கத் தடை. மருத்துவமனை சொல்லும் வழியில்தான் வாங்க வேண்டும். ஓட்டல் சாப்பாடும் ஊறுகாயும் அந்தக் காலத்தில் கிடையாது.

மற்றது, டி.எஸ்.எச். ஏற வேண்டும். அதற்கு விலை கூடிய ஊசி ஒன்று உண்டு. ஊசி இல்லாதபோது மாத்திரையை மூன்று நான்கு வாரம் நிறுத்துகிறார்கள். முதல் பத்து நாள் ஒன்றும் தெரியாது. பிறகு மின்விசிறிக் காற்றே குளிரும், மே மாதத்தில் போர்வை கேட்பார், மலம் இறுகும், கேட்ட கேள்விக்குப் பதில் வர ஒரு நொடி தாமதமாகும், கண்ணிமை காலையில் உப்பியிருக்கும். வண்டி ஓட்டுவதும் கணக்கு வழக்கு முடிவுகளும் அந்த வாரங்களில் வேண்டாம். பெர்னின் அந்த அக்காளுக்கு ஒன்பது வருடம் நேர்ந்தது இவருக்கு ஒரு மாதம் நேர்கிறது. வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் "புற்று பரவிவிட்டதோ" என்று அழுவார்கள்.

மருந்து விழுங்கியபின் கதிர்வீச்சு போதுமான அளவு இறங்கும்வரை தனி அறை. வீட்டுக்கு வந்தும் சில நாள் கைக்குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளியிருக்க வேண்டும். அந்த அயோடின் எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். பெண்கள் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். மாத்திரையைச் சில நாளிலேயே திரும்பத் தொடங்கிவிடுவார்கள். தொடங்கிய மறுநாளே குளிர் விட்டுவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வடிந்த வேகத்தில்தான் நிறையும்; போர்வையை மடித்து வைக்க இன்னும் மூன்று வாரமாவது ஆகும்.